பீடத்தடி இருட்டு

“இருட்டுன்னா பயமா இருக்கறவங்க மேலயே உக்காந்துக்கலாம். கூச்சப்படாம கையைத் தூக்குங்க” என்றாள், கோயில் மண்டபத்தில் மஞ்சள் கொடி பிடித்து நின்ற பஸ் வழிகாட்டிப் பெண். தெருக்காரர்கள் ஒருவரும் தூக்கவில்லை. மிட்சுயோவின் கை மட்டும் இடுப்புவரை வந்தது. வந்த கை, கோட்டுப் பொத்தானைச் சரிசெய்வதுபோல் பாவனை பண்ணிவிட்டு இறங்கிக்கொண்டது. எல்லோரும் பீடத்தடிச் சுரங்கத்துக்குள் போக, இவளும் புருஷனும் மட்டும் பாயில் உட்கார்ந்திருந்தால் நன்றாகவா இருக்கும்? ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்காமலே பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கு இருட்டு எவ்வளவோ தேவலாம் என்று நினைத்துவிட்டாள். அடிப் பாவி, அங்கேதான் தப்புப் பண்ணினாள்.

அவர்கள் ஊர் தகாதாவிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை தெருச் சங்கத்துச் சுற்றுலா. இந்த வருஷம் நகானோ: காலையில் பெரிய கோயில், மத்தியானம் தொகாகுஷி மலையில் சோபா நூடுல்ஸ் சாப்பாடு, சாயங்காலம் வெந்நீர் ஊற்றில் குளிக்கும் குரங்குகள். போன இரண்டு சுற்றுலாவுக்கும் அவர்கள் வரவில்லை. முதல்முறை முழங்கால் வலி, அடுத்தமுறை ஜலதோஷம். மூன்றாவது முறையும் மறுத்தால் சங்கத் தலைவர் பழக்கூடையோடு விசாரிக்க வந்துவிடுவார். வந்தால் வாசலோடு போவாரா? உள்ளே வந்து அவள் புருஷன் எய்ஜிரோவுக்கு எதிரே உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பார். பஸ்ஸில் என்றால் பாட்டும் கூச்சலுமாக இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தானே பதில் சொல்லிவிடலாம் என்று கிளம்பி வந்திருந்தாள்.

எய்ஜிரோ அந்தத் தெருவின் சலூன்காரர். ஆண்கள் அத்தனை பேருக்கும் அவர்தான் முடி வெட்டினார். மணிக்கட்டு வலி என்று சொல்லிக் கடையை மூடியது மிட்சுயோ. உண்மை வேறு. ஒருநாள் எதிர்வீட்டுக் கிகுதாவுக்குப் பாதி முகம் சவரம் பண்ணியவர், கத்தியை வைத்துவிட்டு உள்ளே வந்து தேநீர் கேட்டார். “கடையில கிகுதா சான் காத்திருக்காரே” என்றதற்கு, “எந்தக் கடை?” என்றார். அவள் முன்பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தபோது கிகுதா தானே நுரையைத் துடைத்துக்கொண்டு, “அவசர வேலை ஒண்ணு ஞாபகம் வந்துடுச்சு” என்று தலைவணங்கிவிட்டு, ஒரு கன்னம் வழுவழுப்பாகவும் ஒரு கன்னம் சொரசொரப்பாகவும் வீட்டுக்குப் போனார். அதன்பிறகு அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மனுஷனுக்கு ஒன்றும் புரிந்திருக்காது என்று மிட்சுயோ தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

டோக்கியோவில் இருக்கும் மகன் தகாயாவுக்கு மட்டும் தெரியும். புத்தாண்டுக்கு வந்தவன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். “அப்பாவுக்கு வெளியில ஏதாச்சும் ஆச்சுன்னு என் காதுக்கு வரட்டும், அன்னைக்கே முதியோர் விடுதியில சேத்துடுவேன். நீ அழுதாலும் சரிம்மா.” விடுதியைப் போய்ப் பார்த்தும் வைத்திருந்தான். டோக்கியோவுக்கும் அப்பால், கடல் ஓரம். அங்கே அவருக்கு இரவில் பக்கத்தில் யார் படுப்பார்கள்? தூக்கத்தில் கையை நீட்டித் தேடுவாரே, அந்தக் கையை யார் பிடிப்பார்கள்?

வரும் வழியில் பஸ்ஸில் கிகுதாவின் மனைவி ஆரஞ்சுச் சுளைகளை நீட்டியபடி, “என்ன, எய்ஜிரோ சான் வாயே திறக்கல?” என்று கேட்டாள்.

“வீட்டுல உள்ள பேச்சையெல்லாம் நானே பேசித் தீத்துடறேன். அவருக்கு மிச்சம் எங்க இருக்கு?” என்றாள் மிட்சுயோ. பஸ்ஸே சிரித்தது.

இப்போது செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கினார்கள். புத்தர் பீடத்துக்கு நேர் அடியில் ஓடும் ஒடுக்கமான வழி. வலது கையை இடுப்பு உயரத்தில் சுவரில் தடவிக்கொண்டே போக வேண்டும். வழியில் ஓர் இடத்தில் இரும்புப் பூட்டு தட்டுப்படும். அதைத் தொட்டவர்களைக் கடைசிக் காலத்தில் புத்தரே வந்து அழைத்துப் போவார். முன்னால் கிகுதா, அவருக்குப் பின்னால் எய்ஜிரோ, பிறகு மிட்சுயோ, அவளுக்குப் பின்னால் கிகுதாவின் மனைவி. மிட்சுயோ இடது கையால் புருஷனின் கோட்டு ஓரத்தை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

இரண்டாவது திருப்பத்தில் வெளிச்சம் அடியோடு போய்விட்டது. கண்ணைத் திறந்தாலும் ஒன்றுதான், மூடினாலும் ஒன்றுதான். யாரோ நாமம் சொன்னார்கள், யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். எய்ஜிரோ நின்றுவிட்டார்.

“ஷட்டரை யாரு இறக்குனது?” என்று கத்தினார். “உள்ள ஆள் இருக்கேன்ல!”

“அடடே, எய்ஜிரோ சானுக்கு இப்பதான் பேச்சு வந்திருக்கு!” என்று அரிசிக்கடை ஹோரிகோமே முன்னாலிருந்து குரல் கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். மிட்சுயோவும் சேர்ந்து சிரித்தாள். சிரித்தபடியே அவர் முதுகில் வாயை வைத்து, “ஒண்ணுமில்லீங்க, நடங்க, நான் இருக்கேன்” என்றாள்.

“யாரு அது? யாரு என் சட்டையைப் புடிக்கிறது?”

“நான்தாங்க.”

“நான்னா யாரு?”

சிரிப்பு நின்றது. அந்த நொடியில்தான் அவள் வலது கையில் இரும்பு தட்டுப்பட்டது. குளிர்ந்து, கனமாக, கைக்கு அடக்கமாக. அவள் நினைத்துச் செய்யவில்லை. முங்குகிறவன் கயிற்றைப் பிடிப்பதுபோல் உடம்பு தானாக அந்தப் பக்கம் திரும்பி, பூட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. இடது கை தளர்ந்தது. அவர் ஓர் உதறு உதறினார். கோட்டு ஓரம் விரல்களை விட்டுப் போய்விட்டது.

“ஏங்க!”

திமுதிமுவென்று காலடி. பலகையில் ஏதோ மோதும் சத்தம். “ஐயோ, யாருப்பா தள்ளுறது?” என்று ஒரு குரல். இன்னொரு மோதல், இந்தமுறை மொத்தென்று, தலை இடித்ததுபோல. பின்னால் வருகிற வேறு ஊர்க் கூட்டம் நெருக்கித் தள்ளியது. விழுந்திருப்பாரா? விழுந்தவரைக் கண் தெரியாமல் மிதித்துவிடுவார்களே. கூப்பிட்டால் இப்போதே கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் தெருவுக்கே தெரிந்துவிடும், தெருவுக்குத் தெரிந்தால் தகாயாவுக்கு, பிறகு கடலோர விடுதி. இருட்டில் எங்கோ அவர் அழுவது கேட்டது. அவர் அழுது அவள் கேட்டதே இல்லை.

“அவரைப் புடிங்க!” என்று அலறினாள். “யாராச்சும் புடிங்க! அவருக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல! ரொம்ப நாளா இல்ல!”

எல்லாம் அப்படியே நின்றது. கூட்டம், காலடி, மூச்சுகூட.

முதுகில் ஒரு கை வந்து அமர்ந்தது. கிகுதாவின் மனைவி காதருகே, “எங்களுக்குத் தெரியும், மிட்சுயோ சான். பாதிச் சவரத்தோட வீட்டுக்கு வந்தாரே, அன்னைக்கே தெரியும்” என்றாள். “நீங்க மறைச்சீங்க. நாங்க கேட்டா உங்களுக்குக் கூச்சமா இருக்குமேன்னு விட்டுட்டோம். தெருவே வாயைப் பொத்திக்கிட்டு இருக்கு.”

மிட்சுயோவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. எத்தனை இரவு ஒற்றை ஆளாகக் கதவைப் பூட்டிப் பூட்டிப் பார்த்திருப்பாள்! சுவருக்கு அந்தப் பக்கம் எல்லோரும் தெரிந்துகொண்டே விளக்கை அணைத்துப் படுத்திருக்கிறார்கள்.

முன்னால் கிகுதாவின் குரல் கேட்டது. “எய்ஜிரோ சான், நான் கிகுதா. பக்கத்துலதான் நிக்கிறேன்.”

“எந்தக் கிகுதா? கிட்ட வராதே!”

“வரல. கையை மட்டும் குடுங்க. இதோ, என் தலை. தொட்டுப் பாருங்க.”

அழுகை விக்கலாகி அடங்கியது. விரல்கள் முடியைத் துழாவும் சரசரப்பு கேட்டது. பிறகு, “ரெட்டைச் சுழி” என்றார் எய்ஜிரோ. “இடது காதுக்குப் பின்னால தழும்பு. யோவ் கிகுதா, இப்படியா வளத்து வைப்பே?”

அது கடைக்குரல். கத்தரிச் சத்தத்துக்கு நடுவில் அவள் கேட்டுப் பழகிய குரல். ஹோரிகோமே முட்டி மோதித் திரும்பி வந்து தன் தலையையும் கொடுத்தார். “வழுக்கைக்கு எதுக்குய்யா கடை?” என்றார் எய்ஜிரோ. யாரோ சிரித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினார்கள். தெருத் தலைகள் ஒவ்வொன்றாக இருட்டில் குனிந்தன. ஒன்றையும் அவர் தவறவிடவில்லை.

“நீங்களும் போங்க” என்று கிகுதாவின் மனைவி முதுகைத் தள்ளினாள்.

போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் கால் நடந்தது. அவள் குனிந்தாள். அவர் கை தலையில் இறங்கியது. வகிட்டைத் தேடியது, காதோரம் வந்தது, பிடரிக்குப் போனது, திரும்ப உச்சிக்கு வந்தது. காலமெல்லாம் அந்தக் கடையில் தெருவின் முடியைக் கூட்டி அள்ளியவள். தன் தலைக்கு மட்டும் மூலையிலிருந்த பெண்கள் பார்லருக்குத்தான் போவாள், அவர் கடை ஆண்கள் கடையாயிற்றே. அந்த நாற்காலியில் அவள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

“இந்தத் தலை நம்ம கடைக்கு வந்ததில்லையே” என்றார். குரலில் மரியாதை ஏறியது. “புதுசா வந்திருக்கீங்களா? பயப்படாதீங்க. தலையை இன்னும் கொஞ்சம் குனிஞ்சுக்குங்க.”

அவள் குனிந்துகொண்டாள்.

“வாங்க, வெளிச்சம் தெரியுது!” என்று முன்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அடுத்த திருப்பத்தில் மேல் படியிலிருந்து இறங்கிய வெளிச்சம் தரையில் ஒரு பட்டையாய் விழுந்திருந்தது. ஒவ்வொரு ஜோடிக் காலாக அதில் ஏறி மறைந்தது. அங்கே போனால் அவர் இவள் முகத்தைப் பார்ப்பார், யாரென்று கேட்பார். மிட்சுயோ நகரவில்லை. அவள் பிடரியில் அவர் விரல்கள், எங்கிருந்து வெட்ட ஆரம்பிக்கலாம் என்று மெதுவாக முடியை ஒதுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தன.