டெல்மர் சொன்னால் பனி விழாது

கோல்டர் ஊரில் வசந்த காலத்தை நம்பி ஒரே சட்டையோடு வீட்டை விட்டுக் கிளம்புகிறவன் வெளியூர்க்காரனாகத்தான் இருப்பான். காலையில் கம்பளிக் கோட்டு, மதியம் வெறும் பனியன், சாயங்காலம் ஆலங்கட்டி மழைக்குப் பயந்து காரை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது என்று ஓட்டம். மேற்கு டெக்சாஸில் மார்ச், ஏப்ரல் என்றால் இதுதான் பிழைப்பு. இந்த லட்சணத்தில் தக்காளி நாற்றை எந்த வாரம் மண்ணில் வைப்பது என்று எவன் சொல்வான்? டெல்மர் பிக்கெட் சொல்வார்.

டெல்மருக்கு எழுபத்தொரு வயது. முப்பத்தைந்து வருஷம் மாவட்ட மண்சாலைகளைச் சமன்படுத்தும் வண்டியை ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். அந்த வண்டியின் உச்சியில் உட்கார்ந்து வானத்தையே பார்த்துக் கிடந்ததில், வானிலை தனக்கு அத்துப்படி என்று ஒரு நினைப்பு. அதிலும் சீமைக்கருவேல மரத்தைப் பற்றி அவரிடம் வாய் கொடுத்துத் தப்ப முடியாது. பீச் மரம் ஏமாளி, பிப்ரவரியிலேயே பூத்துவிட்டு முழிக்கும். கருவேலம் அப்படி இல்லை, அது துளிர்விட்டால் அதற்கப்புறம் உறைபனி கிடையவே கிடையாது என்பது அவர் கட்சி. ஏழு வருஷமாக அப்படியே நடந்தும் தொலைத்தது. ஊரில் பாதிப்பேர் டிவியை விட்டுவிட்டு அவரைக் கேட்க ஆரம்பித்தார்கள். அவருக்கு அது இனித்தது. இனிக்காமல் என்ன செய்யும்? ரிட்டயரான மனுஷனை வேறு எதற்கு யார் தேடி வரப்போகிறார்கள்?

இந்த வருஷம் மார்ச் கடைசியில் அவர் வீட்டு வேலிக்குப் பின்னால் நிற்கும் கருவேலம் துளிர்த்தது. மறுநாள் காலை, மிஸ் சோபீப்பின் டோனட் கடையில் காபிக் கோப்பையைத் தூக்கிப் பிடித்து, "நட்டுக்கலாம்!" என்று அறிவித்தார். இரண்டே நாளில் தீவனக்கடை ராய்ஸிடம் இருந்த தக்காளி நாற்றெல்லாம் காலி.

அடுத்த வீட்டு ஓலீட்டா கடையில் வாங்குகிற ரகம் இல்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் அடுப்போடு அடுப்பாக வெந்தவள். புருஷன் போய்ப் பல வருஷம் ஆகிறது. ஜனவரியிலேயே விதை போட்டு, சமையலறை ஜன்னலோரம் காகிதக் கோப்பைகளில் நாற்பத்திரண்டு நாற்று வளர்த்திருந்தாள். குளிர்காலம் பூராவும் அவளுக்குப் பேச்சுத்துணை அதுகள்தான். இரண்டு மட்டும் நோஞ்சான், அவற்றை ஜன்னலிலேயே விட்டுவிட்டு, மூட்டுவலி முழங்காலை மண்ணில் ஊன்றி ஒரே நாளில் நாற்பதையும் நட்டு முடித்தாள். "டெல்மர் சொல்லிட்டான்ல, அப்புறம் என்ன?" என்று தெருவில் போகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம், வியாழக்கிழமை காலை டிவிக்காரன் ஒரு குண்டைப் போட்டான். அன்று இரவு இருபத்தெட்டு டிகிரிக்கு இறங்குமாம். அங்கே ஃபாரன்ஹீட் கணக்கு, முப்பத்திரண்டிலேயே தண்ணீர் உறைந்துவிடும்.

"என்ன பெருசு," என்றான் ராய்ஸ், டோனட் கடையில். டெல்மரைவிடப் பதினைந்து வயது சின்னவன், கிண்டலுக்குக் குறைச்சல் இல்லாதவன். "டிவியில இருபத்தெட்டுங்கறான். வீட்ல இருக்கற போர்வையெல்லாம் தேடி எடுக்கணுமா?"

"அவன் டையைக் கட்டிக்கிட்டு ரூமுக்குள்ள நிக்கிறான்டா. என் மரம் வெளில நிக்குது. குளிரு யாருக்குத் தெரியும்?"

கடையே சிரித்தது. ராய்ஸ் விடவில்லை. "அப்ப செடியை மூட வேண்டாங்கறீங்க?"

"மூடறதுன்னா உன் வாயை மூடு. தக்காளிய விட்டுடு."

மிஸ் சோபீப் கூடக் கல்லாவுக்குப் பின்னால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். டெல்மர் அன்றைக்கு இரண்டாவது டோனட்டும் சாப்பிட்டார்.

மதியம் எண்பத்துநாலு டிகிரி, வேர்த்துக் கொட்டியது. நாலு மணிக்கு வடக்கே தரையோடு ஒட்டிக்கொண்டு கருநீலமாக ஒரு கோடு தெரிந்தது. செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த டெல்மர் குழாயை மூடிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பத்து நிமிஷத்தில் காற்று திரும்பி, வாடை பாய்ந்து வந்து குப்பைத் தொட்டியைத் தெருவில் உருட்டியது. ஒரு மணி நேரத்தில் வெயில் காலம் போய்ப் பனிக்காலம் வந்த மாதிரி முப்பது டிகிரி இறங்கிவிட்டது. அவர் வேலிப் பக்கம் போய்க் கருவேலத்தைப் பார்த்தார். பச்சைப் பசேலென்று துளிர் நின்றது. ஆனால் முப்பத்தைந்து வருஷம் இந்த வாடையை முகத்தில் வாங்கின ஆள் அவர். இது வெறும் காற்று இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அப்போதுதான் ஓலீட்டா வேலியோரம் வந்தாள். இரண்டு கையிலும் பழைய படுக்கை விரிப்புகள், காற்றில் படபடத்தன.

"டெல்மர், எல்லாத்தையும் எடுத்து வெச்சுட்டேன். மூடட்டுமா? நீ ஒரு வார்த்தை சொல்லு."

ஒரு வார்த்தைதான். 'மூடு' என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஆனால் ஓலீட்டா மூடினால் தெரு பார்க்கும். தெரு பார்த்தால் டோனட் கடைக்குத் தெரியும். பெருசு ஜகா வாங்கிவிட்டார் என்று ராய்ஸ் நாளைக்கு மேஜையைத் தட்டித் தட்டிச் சிரிப்பான்.

"வெறும் காத்து ஓலீட்டா. போய்த் துணியை மடிச்சு வை. அந்த முட்டிய வெச்சுக்கிட்டு எதுக்குக் குனிஞ்சு கஷ்டப்படற?"

"அதானே, நீ சொன்னா சரி," என்று சிரித்துவிட்டு அவள் உள்ளே போனாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

பொழுது சாய்கிற நேரம் டெல்மர் கராஜுக்குப் பின்னால் இருந்தார். அவருடைய பன்னிரண்டு செடிகளும் அங்கேதான், தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது. ஓலீட்டா வீட்டிலிருந்தும் தெரியாது. பழைய மெத்தைப் போர்வைகளை ஒவ்வொன்றாக விரித்து, ஓரத்தில் செங்கல் வைத்தார். வைக்கும்போதே முதுகு கூசியது, திருடப் போனவன் மாதிரி.

அவர் மனைவி லவர்ன் பின்கதவில் வந்து நின்றாள். "யாரு செத்துட்டாங்க, போர்த்தி விடற?"

"காத்துல தண்டு ஒடிஞ்சிரும்னுதான்."

"காத்துக்கு எவனாவது மெத்தைப் போர்வை போர்த்துவானா? ஏன் டெல்மர், பனி விழும்னு உனக்கே தோணிடுச்சில்ல? ஓலீட்டாவும் மூடட்டும், பாவம். இரு, நான் போன் பண்றேன்."

"வேண்டாம். நானே சொல்லிட்டேன்."

வாய் கூசாமல் வந்தது. முழுப் பொய்யும் இல்லை பாருங்கள், சொல்லத்தான் செய்தார், மூடாதே என்று. லவர்ன் நம்பி உள்ளே போய்விட்டாள். நாற்பத்தாறு வருஷமாக அவர் பேச்சை அவள் எதற்குச் சந்தேகப்படப் போகிறாள்? இன்னும் நேரம் இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடலாம் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சாப்பிட்டதும், இந்நேரம் படுத்திருப்பாள் என்று சொல்லிக்கொண்டார். மணி எட்டுகூட ஆகவில்லை.

விடிந்தபோது நாய்க்கிண்ணத்தில் தண்ணீர் கல்லாக இருந்தது. டெல்மர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். நாற்பது செடியும் கறுத்து, வெந்த கீரை மாதிரி தொங்கின. ஒன்றுகூடத் தப்பவில்லை. கராஜுக்குப் பின்னால் போய்ப் போர்வையைத் தூக்கினார். பன்னிரண்டும் ஜம்மென்று நின்றன. சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் அவர் அவசரமாகப் போர்வையைத் திரும்பவும் இழுத்து மூடினார்.

ஓலீட்டா வீட்டுப் பின்கதவு கிறீச்சிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இங்கே வருவாள். வந்து இதைப் பார்ப்பாள். மனுஷன் அந்த நேரத்தில் என்ன செய்திருக்க வேண்டும்? செய்தது என்னவென்றால், போர்வைகளைச் சுருட்டிக் கராஜுக்குள் எறிந்துவிட்டு, சமையலறைக்குள் ஓடி, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பெரிய கெட்டிலைத் தூக்கினார்.

"எங்க கொண்டு போற? காபிக்கு வெச்சது!" என்றாள் லவர்ன்.

அவர் வெளியே ஓடினார். செடி செடியாகப் போய் ஊற்றினார். தன் கையால் வைத்த செடி. இலைகள் சட்டென்று நிறம் மாறித் துவண்டு மண்ணில் படுத்தன. கெட்டிலைக் கராஜ் ஓரம் தள்ளிவிட்டுத் திரும்பினால், ஓலீட்டா மூலையில் திரும்பி வந்துகொண்டிருந்தாள். கையில் காகிதக் கோப்பையில் ஒரு நாற்று.

"ஐயோ, உனக்கும் போச்சா!" என்றாள். திட்ட வந்த குரல் இல்லை அது. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "நான் என்னைத்தான் திட்டிக்கிட்டேன் டெல்மர். படுக்கப் போறதுக்கு முன்னாடி மறுபடியும் துணியை எடுத்தேன். அப்புறம், நீ அவ்வளவு சொல்லியும் மூடினா உன்னை நம்பலன்னு ஆயிடுமேன்னு வெச்சுட்டேன். மரமே ஏமாந்து போச்சு, நீ என்ன பண்ணுவ? ஜன்னல்ல இருந்த நோஞ்சான் ரெண்டும் பிழைச்சிருக்கு. ஒண்ணை நீ வெச்சுக்கோ."

கோப்பையை நீட்டினாள். நீட்டியவள் அப்படியே நின்றாள். அவள் பார்வை தரைக்குப் போனது. உறைந்துபோன அந்தக் காலையில், டெல்மரின் பாத்தியிலிருந்து மட்டும் ஆவி பறந்துகொண்டிருந்தது. தக்காளி இலை வெந்த வாசனை வேறு. முப்பது வருஷம் அண்டா அண்டாவாக வேகவைத்தவளுக்கு அதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டுமா?

"இது பனி இல்லையே டெல்மர்," என்றாள் மெதுவாக.

அவருக்கு மண்ணைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போல இருந்தது. "மூடியிருந்தேன்," என்றார். "நேத்து சாயங்காலம். நீ உள்ள போனப்புறம். பிழைச்சிருந்துச்சு. நீ வர்ற சத்தம் கேட்டுச்சு, அதான்..."

பின்கதவில் நின்ற லவர்ன், "நானே சொல்லிட்டேன்னியே!" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்கப்புறம் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

"ஒரு போன் பண்ணிருக்கலாம். நான் யாருகிட்டயும் சொல்லிருக்க மாட்டேன். கேட்டவங்ககிட்ட, டெல்மர் வேண்டாம்னுதான் சொன்னான், நான்தான் பயந்துக்கிட்டு மூடினேன்னு சொல்லிருப்பேன். உன் பேருக்கு ஒண்ணும் ஆகிருக்காது," என்றாள் ஓலீட்டா. பிறகு நாற்றை லவர்ன் கையில் கொடுத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்து போனாள்.

சனிக்கிழமை டோனட் கடைக்குப் போகக் கூடாது என்றுதான் டெல்மர் நினைத்தார். போகாமல் இருந்தால் இன்னும் கேவலம் என்று போனார். இந்நேரம் ஊருக்கே தெரிந்திருக்கும், காறித் துப்பினால் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று தலையைக் குனிந்தபடியே கதவைத் தள்ளினார்.

யாரும் துப்பவில்லை. ராய்ஸ் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். மிஸ் சோபீப் கேட்காமலே காபியும் சூடாக ஒரு டோனட்டும் வைத்தாள்.

"வாங்க பெருசு. எல்லாருக்கும்தான் போச்சு, விடுங்க," என்றான் ராய்ஸ். "நேத்து பத்து மணிக்கு மிஸ் ஓலீட்டா கடைக்கே வந்துட்டாங்க. 'டெல்மரை ஒருத்தரும் கிண்டல் பண்ணக் கூடாது, அவனோட பன்னிரண்டும் போச்சு'ன்னு எங்க எல்லாரையும் மிரட்டிட்டுப் போயிருக்காங்க."

நேற்றுப் பத்து மணி. அதாவது ஆவி பறந்ததைப் பார்த்து மூன்று மணி நேரம் கழித்து. இப்படியே தலையாட்டிக்கொண்டு இந்தக் காபியைக் குடித்துவிட்டால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். அவரே நினைத்தாலும் இதைவிட நல்ல பொய்யை உண்டாக்கியிருக்க முடியாது.

"என்னோடது பனியில போகல," என்றார். "நான் போர்வை போட்டு மூடிட்டேன். காலைல கெட்டில்ல வெந்நீர் கொண்டுபோய் நானே ஊத்தினேன்."

கடையே வெடித்துச் சிரித்தது. ராய்ஸ் மேஜையைத் தட்டினான். "பாத்தீங்களா, இந்த நேரத்திலயும் மனுஷன் நக்கல் விடறாரு! வெந்நீராம்!"

சிரிப்பு ஓயும்வரை டெல்மர் உட்கார்ந்திருந்தார். தப்பிக்க இரண்டாவது வழியும் திறந்துதான் இருந்தது. சேர்ந்து சிரித்துவிட்டால் போதும். அவர் காபியைத் தள்ளிவைத்தார். முதலிலிருந்து ஆரம்பித்தார். ஓலீட்டா விரிப்போடு வேலியோரம் வந்து நின்றதை, தான் உள்ளே அனுப்பியதை, கராஜுக்குப் பின்னால் செங்கல் வைத்ததை, லவர்னிடம் சொன்ன பொய்யை, மணி எட்டுகூட ஆகாததை, கெட்டிலை, எதையும் விடாமல் சொன்னார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"மிஸ் ஓலீட்டாவுக்கு இது தெரியுமா?" என்று கேட்டான் ராய்ஸ்.

"தெரியும். இங்க வந்து உங்களை மிரட்டினாளே, அதுக்கு முன்னாடியே தெரியும்."

ராய்ஸ் அவர் முகத்தைப் பார்க்காமல் எழுந்து, தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தான்.

"வரேன், மிஸ்டர் பிக்கெட்," என்றான்.

இருபது வருஷப் பழக்கத்தில், பெருசு என்பதைத் தவிர ராய்ஸ் அவரை வேறெப்படியும் கூப்பிட்டதே இல்லை.