முப்பது வாங்கிக் கொடுத்தவள்

தெருவில் வேகத்தை முப்பதாகக் குறைக்கச் சொல்லி மருந்துக்கடைக்காரி மனு மேல் மனுவாகக் கொடுத்தாள். கடைசியில் நகராட்சி அலுவலகம் இறங்கிவந்து, சாலைக்குக் குறுக்கே ரப்பர் குழாய் ஒன்றைப் பதித்தது. ஏறிப்போகும் ஒவ்வொரு வண்டியின் வேகத்தையும் அது ஒரு வாரம் பதிவுசெய்யும்.

வருஷம் முழுக்கப் பேயாய்ப் பறந்த கும்பல், குழாயைப் பார்த்ததும் நல்ல பிள்ளையாக ஊர்ந்தது. இப்படியே பதிவானால் அவள் மனு குப்பைக்குத்தான் போகும். தானே காரை எடுத்துக் குழாய் மேல் எழுபதில் பறந்தாள். சுற்றி வந்து மறுபடியும் பறந்தாள். இருட்டும் நேரத்தில் யாரோ பையோடு சாக்கடைப் பக்கம் துள்ளி விழுந்தது பின்பார்வைக் கண்ணாடியில் தெரிந்தது. அவள் நிற்கவில்லை.

மறுநாள் எதிர்வீட்டு அக்கா கையில் மாவுக்கட்டோடு வலிமாத்திரை வாங்க வந்தாள். மருந்துக்கடைக்காரி நிமிர்ந்து பார்க்காமலே எடுத்துக் கொடுத்தாள்.

ஒன்றரை மாதம் கழித்து, இன்று முப்பது என்று பலகை நட்டாயிற்று. அக்கா ஓடிவந்து ஒற்றைக் கையால் அவளைக் கட்டிக்கொண்டாள்.

“எவனோ கட்டையில போறவன், கண்ணு கூசுற மாதிரி லைட்டப் போட்டுக்கிட்டு வந்து என்னைச் சாச்சுட்டுப் போனான். இனிமே அவன் ஆட்டம் செல்லாது. கட்டுப் பிரிக்கணும், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறியா? உன் வண்டின்னா எனக்குப் பயமில்லடி.”

அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து, பெல்ட்டைத் தானே மாட்டிவிட்டு, காரை நகர்த்தினாள். முள் பதினைந்தைத் தாண்டவில்லை. பின்னால் ஹார்ன் அலறியது.

அக்கா சிரித்தாள். “அடியே, முப்பது வரைக்கும் போகலாம்டி. நீ வாங்கிக் கொடுத்ததுதானே!”