புரட்டிப் படுக்க வைக்கிற வேலை

பண்ணைத் தோப்பில் தென்னையிலிருந்து விழுந்த சகாயநாதனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது நர்ஸ் அக்னஸ் அவன் மனைவி விண்ணரசியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மருந்து பாதி, நீ பாதிம்மா. ரெண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்கணும். விட்டா முதுகு புண்ணாயிடும். புண்ணு உள்ள போச்சுன்னா ஆளையே கொண்டுபோயிடும்."

சொல்வது சுலபம். திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கூலிக்காரியை இரண்டு மணிக்கொரு தரம் வீட்டுக்குப் போய்வர எந்தப் பண்ணையார் விடுவார்? பிள்ளையும் இல்லை. காலையில் புரட்டிவிட்டுப் போனால் சாயங்காலம்தான் திரும்புவாள். நடவு முடிவதற்குள் அவன் இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குப் புண் வந்துவிட்டது.

அறுபத்தேழில் ஆட்சி மாறிய இரண்டாம் வருஷம் அது. தை அறுப்பில், கூலியாக அளக்கிற நெல்லில் அரை மரக்கால் கூட்டிக் கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கியது. அப்படிக் கேட்கவேண்டும் என்று கூலிக்காரர் சங்கத்தில் முதலில் வாய் திறந்தவனே சகாயநாதன்தான், மரத்திலிருந்து விழுவதற்கு முன்னால். இப்போது ஒருவரும் வயலில் இறங்கவில்லை. விண்ணரசி ரோட்டில் போகிற பஸ்ஸை வைத்து நேரம் பார்த்துப் புரட்டினாள். பக்கத்து வீட்டு அம்சம் ஒரு கை பிடித்தாள். கஞ்சி வெறும் தண்ணீரானது. ஆனால் புண்ணின் ஓரத்தில் இளஞ்சிவப்பாகத் தோல் படர்ந்தது.

பன்னிரண்டாம் நாள் அம்சத்தின் குழந்தை பசியில் அழுது அழுது சுருண்டு படுத்துவிட்டது. அன்றைக்குத்தான் விண்ணரசி மாதா படத்தின் முன் முட்டிபோட்டாள்.

"இந்த வேலைநிறுத்தம் இன்னும் பத்து நாள் இழுக்கட்டும் தாயே. புண்ணு மூடிடும்."

வேண்டிய பிறகு தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. இருந்தும் வேண்டுதலை மாற்றிக்கொள்ள மனம் வரவில்லை.

மாதாவுக்கு அம்சத்தின் வேண்டுதலையும் கேட்கவேண்டியிருந்தது போலும். பதினாறாம் நாள் தாசில்தார் முன்னிலையில் மிராசுதார்கள் இறங்கிவந்து கூலியைக் கூட்ட ஒத்துக்கொண்டார்கள். தெருவில் தப்புமேளம் முழங்கியது. சகாயநாதனுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

"நாளைக்கு நான் போவலைங்க. இன்னும் ஒரு வாரம் போவட்டும்" என்றாள் விண்ணரசி.

"கேக்கச் சொன்னவன் பொண்டாட்டியே போவலைன்னா நல்லாவா இருக்கும்? அடுப்புலதான் எதைப் போடுவ?"

பானையில் ஒரு பிடி நொய்கூட இல்லை. அவள் அரிவாளைத் தேடி எடுத்துவைத்தாள்.

மறுநாள் அறுப்பு தூரத்து வயலில். மத்தியானம் ஓடிவர முடியவில்லை. பொழுது சாய, கூலி நெல்லோடு மூச்சு வாங்க வந்து, அவனைப் புரட்டினாள். படர்ந்திருந்த தோல் பாயோடு ஒட்டிக்கொண்டு உரிந்து வந்தது. பதினாறு நாள் பாடுபட்டு ஆற்றியது ஒரே பகலில் போய்விட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அவனுக்கு வலி தெரியவில்லை. சுவரைப் பார்த்தபடியே கேட்டான்:

"கூட்டி அளந்தாங்களா?"

"அளந்தாங்க."

"பின்ன ஏன் அழுவுற? ஜெயிச்சது நாமதான புள்ள."