ஜீப்புக்கும் கெப்புக்கும் முப்பத்தொரு வரி

2026 பெப்ரவரி 11, புதன்கிழமை

இன்றைய பிழை: ஜீப்பின் அகலத்தை அளந்தபோது பக்கக் கண்ணாடிகள் மடிந்திருந்ததைக் கவனிக்கவில்லை. ஆறடி இரண்டங்குலம் என்று எழுதி, எங்கள் வீட்டுக்கு வரும் ஒழுங்கையில் தாராளமாகப் போகும் என்று அப்பாவுக்கும் சொல்லிவிட்டேன். கண்ணாடிகளை விரித்தால் ஆறடி பதினோரு அங்குலம். ஒழுங்கை ஏழடி நாலங்குலம். ‘தாராளமாக’ என்ற சொல்லை வெட்டியிருக்கிறேன்.

இதை எழுதி முடித்து, ஜெசிதா அடிமட்டத்தை வைத்துக் கீழே ஒரு கோடு இழுத்தாள். கோடு கொஞ்சம் சரிந்துவிட்டது. அதையும் பிழையாக எழுதுவதா என்று சற்று யோசித்துவிட்டு, வேண்டாமென்று விட்டாள்.

பகலில் அவள் ஒரு ஹார்ட்வெயார் கடையில் பில் எழுதுகிறவள். செவ்வாயும் வெள்ளியும் மாலை வகுப்பு. ஒரு வீடு கட்ட எத்தனை கல், எத்தனை மூடை சீமெந்து என்று அளந்து சொல்கிற படிப்பு. ஆளுக்கொரு நாட்குறிப்பு வைத்து, தினமும் ஒரு பிழையையும் அடுத்த நாள் வேலையையும் எழுதச் சொல்லியிருந்தார் ஆசிரியை. மற்றப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு பிழைக்கே தட்டுப்பாடு. ஜெசிதாவுக்கு நாளுக்கு ஒன்றைத் தெரிந்தெடுப்பதுதான் சிரமம்.

அளக்கப் படிக்கிறவள் வீட்டில் இருக்கும்போது வேறு யாரைக் கேட்பது? வாகனம் பார்க்கிற வேலை அவள் தலையில் விழுந்தது அப்படித்தான்.

அவளுடைய அப்பா அருட்பிரகாசம் குருநகர் ஜெற்றியில் மீனும் நண்டும் வாங்கி, ஐஸ் போட்டு, ஐஸ் கரையாத வெள்ளை றெஜிபோம் பெட்டிகளில் அடைத்துச் சாவகச்சேரிக்கும் கொடிகாமத்துக்கும் கொண்டுபோகிற வியாபாரி. இதுவரை வாடகை வண்டிதான். இப்போது மின்சார வாகனம் ஒன்று எடுக்க வங்கி கடனுக்கு ஓம் சொல்லிவிட்டது. ஒன்றுதான். அது குடும்பமாக ஏறிப் போகிற ஜீப்பா, பின்னால் தட்டு வைத்த டபுள் கெப்பா என்பதே கேள்வி.

கேள்வி சின்னதாக இருந்திருக்கும், ஜெனிஸ்ரனால் நடக்க முடிந்திருந்தால். ஜெசிதாவின் அண்ணன் அவன், வயது இருபத்தொன்பது. மூன்று வருடங்களுக்கு முன் கடலட்டை பிடிக்கக் கடலடிக்குச் சுழியோடப் போனவன், ஆழத்திலிருந்து அவசரப்பட்டு மேலே வந்துவிட்டான். இரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டி, இடுப்புக்குக் கீழே போனது போனதுதான். அன்றிலிருந்து வீல்செயார். மாதத்துக்கு ஒரு கிளினிக், பெருநாளுக்குக் கோயில். அதற்கும் இரண்டு பேர் தூக்கி முச்சக்கர வண்டியில் ஏற்ற வேண்டும். தூக்குகிறவர்கள் வரும் நேரத்தில்தான் அவனுக்குக் கிளினிக், அவர்கள் வரும் நேரத்தில்தான் அவனுக்குப் பூசை.

ஜீப்பின் இருக்கை தாழ்வு. கெப்பின் இருக்கை உயரம். ஜீப் வந்தால் அண்ணன் வெளியே போவான், பெட்டிகள் நிற்கும். கெப் வந்தால் பெட்டிகள் போகும், அண்ணன் நிற்பான். ஜெசிதா எழுதுகிற ஒவ்வோர் இலக்கமும் அவனை வாசலுக்கு வெளியே கொஞ்சம் தள்ளியது, அல்லது உள்ளே கொஞ்சம் இழுத்தது. அதனால் எதையும் இரண்டு தரம் அளந்தாள். இரண்டு தரமும் வேறு வேறாக வந்தால் மூன்றாம் தரமும் அளந்தாள்.

புதன்கிழமை வாகனக் காட்சியறையில் நடந்ததையும் சொல்லவேண்டும். அருட்பிரகாசத்துக்கு அளக்கிற டேப்பில் நம்பிக்கை கிடையாது. கடலில் ஆழத்தையும் வலையின் நீளத்தையும் அளக்கிற பாகம்தான் அவருக்கு அளவு. இரண்டு கையையும் விரித்தால் ஒரு விரல்நுனியிலிருந்து மறு விரல்நுனி வரை ஒரு பாகம். அவர் கெப்பின் பக்கமாகப் போய், கன்னத்தைக் கதவில் வைத்து, கைகளை விரித்து நின்றார். ரை கட்டிய விற்பனைப் பெடியன் ஓடிவந்தான்.

“ஐயா, சுகமில்லையோ? தண்ணி கொண்டரட்டோ?”

“பொறும் தம்பி, எண்ணிக்கை பிழைக்கும்.”

வாகனத்தைக் கட்டிப்பிடித்தபடியே மூன்று இடம் நகர்ந்தார். “மூண்டு பாகம், ஒரு சாண், நாலு விரல்” என்றார். அது விவரப் புத்தகத்தில் இருந்த ஐந்து மீற்றர் இருபத்தாறுக்கு ஒரு சென்ரிமீற்றர் கிட்ட வந்தது. ஜெசிதாவின் டேப் நாலு சென்ரிமீற்றர் தள்ளி நின்றது.

பிறகு பெடியன் முன்மூடியைத் திறந்து காட்டினான். எஞ்சின் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெறும் தொட்டி.

“இதுக்குள்ளை ஐஸ் போடலாம்” என்றார் அருட்பிரகாசம்.

“ஐயா, அது பொருள் வைக்கிற இடம்.”

“ஐஸும் பொருள்தானே. தண்ணி ஓட ஓட்டை இருக்கோ?”

பெடியன் ஜீப்பின் சாரதி இருக்கையில் போய் ஏறி, ஏசியைப் போட்டுக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டான்.

வியாழன் பின்னேரம், சந்தையிலிருந்து வந்து குளித்துவிட்டு அருட்பிரகாசம் பிளேன்ரீக் கோப்பையோடு முற்றத்துக் கதிரையில் இருந்தார். பக்கத்தில் அம்மா லூர்த்தம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். ஜெனிஸ்ரன் வீல்செயாரை நிழலுக்கு உருட்டிவந்தான்.

“வாசி, பிள்ளை” என்றார் அப்பா.

ஜெசிதா அளவுகள் எழுதிய கொப்பியைத் திறந்தாள். முப்பத்தொரு வரி, ஒவ்வொன்றுக்கும் ஜீப்புக்கு ஒரு கட்டம், கெப்புக்கு ஒரு கட்டம். முதலில் கண்ணாடிப் பிழையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். ஒருவரும் கவனிக்கவில்லை.

“நீளம். ஜீப் நாலு மீற்றர் நாப்பத்தஞ்சு. கெப் அஞ்சு மீற்றர் இருபத்தாறு.”

“எங்கடை மூலையிலை கெப் திரும்புமோ?”

“முன்னுக்கும் பின்னுக்குமா மூண்டுதரம் எடுத்தால் திரும்பும், அப்பா. யோசப்பின் மாமியின்ரை மதிலுக்கு ஒரு சாண் மிஞ்சும்.”

மதிலுக்கு அப்பாலிருந்து அந்தப் பக்கத்து வீட்டு மாமியின் குரலே வந்தது. “போன மாசம்தான் பெயின்ற் அடிச்சனான். சொல்லிப்போட்டன்.”

“பெட்டி” என்று ஜெசிதா அடுத்த வரிக்குப் போனாள். “கெப்பின்ரை தட்டிலை பதினெட்டு. ஜீப்புக்குப் பின்னாலை நாலு. வீல்செயாரையும் வைச்சால் ஒண்டு. பின்சீற்றை மடிச்சால் பதினொண்டு.”

“மடிச்சால் இவன் எங்கை இருக்கிறது?” என்றாள் லூர்த்தம்மா.

“பன்ரண்டாவது பெட்டியிலை” என்றான் ஜெனிஸ்ரன். “கொஞ்சம் ஐஸைப் போட்டு விடுங்கோ. கொடிகாமம் மட்டும் பழுதாகாமல் வருவன்.”

“வாயைக் கழுவடா.”

“மணம்” என்றாள் ஜெசிதா. “ஜீப்பெண்டால் உள்ளுக்கை. கெப்பெண்டால் வெளியிலை.”

“மீன் தண்ணி சொட்டச் சொட்டப் பூசைக்குப் போய் இறங்கேலாது” என்றாள் அம்மா.

“பேதுருவானவரும் மீன்காரன்தான், அம்மா” என்றான் ஜெனிஸ்ரன்.

“அவர் ஜீப்பிலை வரேல்லை.”

பின்சீற்றின் உயரம்: ஜீப் இருபத்தேழு அங்குலம், கெப் முப்பத்தைந்து. ஒருமுறை சார்ஜ் பண்ணினால் ஓடும் தூரம்: கொடிகாமம் போய்வர இரண்டுக்கும் போதும். இப்படியே முப்பத்தொன்றையும் வாசித்து முடித்தாள். பெட்டி வரிகளில் எல்லாம் கெப் வென்றிருந்தது. ஆள் வரிகளில் எல்லாம் ஜீப் வென்றிருந்தது. அருட்பிரகாசம் வெறும் கோப்பையை இன்னொருமுறை குடித்தார்.

“இஞ்சினியர் அம்மா” என்றான் ஜெனிஸ்ரன். “உந்த முப்பத்தொரு வரியிலை, ஆர் ஓடுறது எண்டு ஒரு வரி இருக்கோ?”

ஜெசிதா மேலிருந்து கீழே பார்த்தாள். கீழிருந்து மேலே பார்த்தாள். இல்லை.

“கனிசியஸ் ஓடுவான்” என்றார் அப்பா. கனிசியஸ் லூர்த்தம்மாவின் தமையன் மகன்.

“கனிசியஸ் கட்டாருக்கு விசாப் பாத்துக்கொண்டு நிக்கிறான். அப்பாட்டை மோட்டச்சைக்கிள் லைசன்ஸ் இருக்கு. அம்மாட்டைச் செபமாலை இருக்கு. இவளிட்டை டேப் இருக்கு. இந்த வீட்டிலை கார் லைசன்ஸ் வைச்சிருக்கிறது நான் ஒராள்தான்.”

லூர்த்தம்மாவின் கத்தி நின்றது.

“லைசன்ஸ் இருந்தால் காணுமோ? கால்?” என்றார் அருட்பிரகாசம்.

“கால் பிரேக் மிதிக்கவும் ஓட்டம் கூட்டவும்தானே. ரெண்டையும் கையாலை அமத்திறதுக்குப் பிடி பூட்டலாம். கொழும்பிலை பூட்டிக் குடுக்கினம். உந்த வாகனங்களிலை கிளச்சும் இல்லை, கியரும் இல்லை. டொக்டரின்ரை கடிதம் எடுக்கவேணும், திரும்ப ஓடிக் காட்டி லைசன்ஸை மாத்தவேணும். அது என்ரை பாடு. ஆறு மாசமா அவையளோடை கதைச்சுக்கொண்டுதான் இருக்கிறன்.”

“ஆறு மாசமா? எங்களுக்கு ஒரு சொல்லும் சொல்லேல்லை!” என்றார் அப்பா.

“வாகனம் இல்லாத வீட்டிலை ஓடப்போறன் எண்டு சொன்னால், அம்மா மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போயிருப்பா.”

அருட்பிரகாசம் எழுந்து வேலி வரை போய்த் திரும்பி வந்தார். “தண்ணிக்குள்ளை ஒருக்கா உன்னை விட்டிட்டன்” என்றார். “ரோட்டிலையும் விடச் சொல்லுறியோ?”

ஜெனிஸ்ரன் வீல்செயாரின் பிரேக்கைப் போட்டான், எடுத்தான், போட்டான்.

“அப்பா, இண்டைக்குக் கொண்டுபோன நண்டிலை அரைவாசி சதையில்லாத வெறுங்கூடு.”

“ஆர் சொன்னது?”

“கொடிகாமத்தாலை போன் வந்தது. உங்களுக்குச் சொல்லப் பயந்து கடைக்காரர் எனக்கு எடுக்கினம். போன கிழமையும் எடுத்தவை. நான் ஜெற்றியிலை இருந்தால் கையிலை தூக்கின உடனை சொல்லிப்போடுவன். இஞ்சை வாசலுக்கை இருந்து போனிலை நண்டுப் பாரம் பாக்கேலாது.”

நண்டு விஷயத்தில் மகனின் கை பிழைக்காது என்று ஊருக்கே தெரியும்.

“ஏறுவியோ?” என்றார் அருட்பிரகாசம் கடைசியில். “அதை முதல் சொல்லு. விடிய நாலரைக்கு நாளாந்தம் ஆர் வந்து உன்னைத் தூக்கி வைக்கிறது?”

“ஒருத்தரும் வேண்டாம்.”

“காட்டு.”

ஜெசிதா குசினியிலிருந்து உட்காருகிற மர வாங்கை இழுத்துவந்தாள். பதினெட்டு அங்குல உயரம். அதன்மேல் பழைய வள்ளத்துப் பலகைகளை அடுக்கினாள். ஒவ்வொன்றும் இரண்டங்குலத் தடிப்பு; இருந்தும் அடுக்கியபின் டேப்பால் அளந்துதான் சொன்னாள். அப்பா ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

இருபத்துநாலு அங்குலத்தில் ஜெனிஸ்ரன் ஒரு கையை வீல்செயாரிலும் மறுகையைப் பலகையிலும் ஊன்றி, உடம்பைத் தூக்கி, கதையோடு கதையாய் மாறி இருந்தான். இருபத்தாறிலும் அப்படித்தான். இருபத்தெட்டில் முதல்தரம் வழுக்கியது. அம்மா கத்தியோடு எழுந்தாள்.

“கத்தியை வைச்சிட்டு வாங்கோ, அம்மா.”

இரண்டாம்தரம் ஏறினான். கழுத்து நரம்பு புடைத்து அடங்கியது. கால்களை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி வைத்து, ஓட்டுவதுபோல் காற்றில் இல்லாத ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தான். முப்பதில் இரண்டுதரம் முயன்று இரண்டுதரமும் வீல்செயாரிலேயே விழுந்தான். மதிலுக்கு மேலால் யோசப்பின் மாமியின் தலை தெரிந்தது.

“காணும்” என்றார் அருட்பிரகாசம். “இருபத்தெட்டு. ஜீப்பின்ரை சீற்று இருபத்தேழு எண்டுதானே வாசிச்சனி? அப்ப சரி.”

ஜெசிதா கொப்பியில் அந்த வரியின்மேல் விரலை வைத்தாள். “அது பின்சீற்று, அப்பா.”

“முன்சீற்று?”

“சாரதி இருக்கிற சீற்றை அளக்கேல்லை. அந்தப் பெடியன் ஏசியைப் போட்டுக்கொண்டு அதிலை இருந்தவன்.” பிறகு, அது முழு உண்மை இல்லை என்று பட்டது. “எழும்பச் சொல்லிக் கேட்டிருக்கலாம். அண்ணை அதிலை இருப்பார் எண்டு நான் நினைக்கேல்லை.”

“நானும்தான் நினைக்கேல்லை” என்றார் அப்பா.

“பின்சீற்று மாதிரித்தான் முன்சீற்றும் இருக்கும். அதையே எழுதிவிடு” என்றாள் லூர்த்தம்மா.

“இல்லையம்மா. ஒரு அங்குலம் கூடிச்சுதெண்டால் சரி. ரெண்டு கூடிச்சுதெண்டால் அண்ணை ஏறமாட்டார்.”

“கெப்பின்ரை முப்பத்தஞ்சும் பின்சீற்றுத்தானே?” என்றான் ஜெனிஸ்ரன்.

“ஓம், அதுவும் பின்சீற்றுத்தான். அதையும் அளக்கவேணும்.”

அருட்பிரகாசம் பலகைகளை ஒவ்வொன்றாக இறக்கினார். “சரி. எது இருபத்தெட்டுக்குள்ளை வருதோ, அது. பெட்டி குறைஞ்சால் ரெண்டுதரம் ஓடட்டும். ஓடுறவனுக்கு வேறை என்ன வேலை?”

ஜெனிஸ்ரன் சிரிக்கவில்லை. மூக்கை மட்டும் புறங்கையால் துடைத்தான். “இருபத்தெட்டரை எண்டால்?” என்றான்.

“டயரிலை காத்தை இறக்குவம்.”

ஜெசிதா அதை எழுதவில்லை. முப்பத்திரண்டாம் வரியை இழுத்து, ‘சாரதி இருக்கையின் உயரம்’ என்று தலைப்பிட்டு, இரண்டு கட்டத்தையும் வெறுமையாக விட்டாள். பிறகு நாட்குறிப்பை எடுத்தாள்.

2026 பெப்ரவரி 12, வியாழக்கிழமை

நாளைய வேலை: காலை ஒன்பது மணிக்குக் காட்சியறை. ஜீப்பிலும் கெப்பிலும் சாரதி இருக்கையின் உயரத்தை நிலத்திலிருந்து மெத்தையின் மேல்விளிம்பு வரை அளத்தல். இருக்கையை முழுவதும் இறக்கி ஒருதரம், ஏற்றி ஒருதரம். கதவை முழுவதும் திறந்தால் வீல்செயார் கிட்ட நிற்குமா என்று பார்த்தல். அண்ணையும் வருகிறார். எட்டரைக்கு முச்சக்கர வண்டி சொல்லவேண்டும். கடையில் அரைநாள் லீவு கேட்கவேண்டும்.