தலைவரின் கொம்பு

சங்கரன்கோவிலில் உள்ள ஒரு சாதிச் சங்கத்தின் செயலாளர் சண்முகையா. சங்கத்துக் கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்தது திருட்டு மென்பொருள். ஆண்டு மாநாடு நெருங்குகிற நேரம் பார்த்து அதில் வைரஸ் புகுந்து, எதைத் தொட்டாலும் திறக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சர்வீஸ் கடை வைத்திருக்கும் பெனிட்டா வந்து, எல்லாவற்றையும் துடைத்துவிட்டு லினக்ஸ் என்ற வேறொரு சிஸ்டத்தை ஏற்றினாள்.

“இனி வைரஸ் தொல்லை குறையும் அண்ணாச்சி. பழைய மிஷின்லயும் நல்லா ஓடும். லைசென்சுக்குத் துட்டு கிடையாது. ஒரு சமூகமே சேந்து உருவாக்கினது.”

சண்முகையாவுக்குக் காது விடைத்தது. “எந்தச் சமூகம்?”

“உலகம் பூரா உள்ளவங்க. யாரு வேணும்னாலும் உள்ள தொறந்து பாக்கலாம், திருத்தலாம், அடுத்தவங்களுக்குக் குடுக்கலாம்.”

அவருக்கு மனசு ஒப்பவில்லை. சந்தா இல்லை, தலைவர் தேர்தல் இல்லை, நீக்கிவைக்க ஆள் இல்லை. அது என்ன சங்கம்? இங்கே இருப்பதே நூறு பேர், அதில் மூன்று அணி. ஆனாலும் கமிட்டியில், “சமூகம் உருவாக்கிய சிஸ்டம் போட்டிருக்கோம்” என்று மட்டும் சொன்னார். எல்லோரும் நம் சமூகம் என்றே எடுத்துக்கொண்டு, கைதட்டி, பாராட்டுத் தீர்மானமும் போட்டார்கள். அவர் மறுக்கவில்லை.

மாநாட்டு அழைப்பிதழை அடித்துப் பார்த்தபோதுதான் வினை வந்தது. தலைவர் கோமதிநாயகத்தின் பேரில் இரட்டைக் கொம்பு ஓரிடம், ‘கா’ ஓரிடம் என்று பிரிந்து நின்றது.

“எங் கொம்பை ஒடிச்சது எந்த அணி வே?” என்று தலைவர் குதித்தார்.

சண்முகையா பெனிட்டாவிடம் ஓடினார். “இதை உருவாக்கினவங்களுக்கு இன்டர்நெட்டுல ஒரு மன்றம் இருக்கு. அதுல எழுதிப் போடுங்க அண்ணாச்சி, தமிழ்லயே எழுதலாம்” என்றாள் அவள். கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதிப் பழகின கை. “மதிப்பிற்குரிய சமூகப் பெரியோர்களுக்கு” என்று ஆரம்பித்து, தனித்து நின்ற கொம்பின் படத்தையும் சேர்த்துப் போட்டார். மறுநாளே பதில் வந்தது. எழுதியவர் துபாயில் வேலை பார்க்கும் கடையநல்லூர்க்காரர் ரிஸ்வான் அகமது.

“எழுத்துருவுல பிழை இருந்துச்சு அண்ணாச்சி. திருத்திட்டேன். அப்டேட் போட்டுப் பாருங்க.”

கொம்பு ஒட்டிக்கொண்டது. தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. “அந்தத் தம்பிக்கு மாநாட்டுல பொன்னாடை போடணும் வே. யாரு அவன், நம்ம ஆளுதான?”

சண்முகையா பேரைச் சொன்னார். தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “பொன்னாடைச் செலவு இந்த வருசம் கொஞ்சம் கூடுதல், என்ன?”

சண்முகையாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அன்றைக்கே மன்றத்தில் ரிஸ்வானுக்கு நன்றி எழுதினார். எழுதும்போது மெனுவில் ஒரு சந்திப்பிழை கண்ணில் பட, அதையும் சொல்லிவைத்தார். அந்த சிஸ்டத்தின் அடுத்த பதிப்பில், நன்றிப் பக்கத்தில் அவர் பேரும் வந்துவிட்டது; பட்டம் ஏதுமில்லாமல், வெறும் சண்முகையாவாக, ரிஸ்வானுக்கும் ஒரு பிரேசில்காரிக்கும் நடுவில். சங்கத்து நோட்டீசில் அச்சாகாத பேரா? ஆனாலும் இதைத்தான் வந்தவன் போனவனுக்கெல்லாம் காட்டினார்.

சேதி தலைவர் காதுக்கும் போனது. “எம் பேரையும் அதுல சேக்கச் சொல்லும் வே.”

“சந்தா கட்டினாலும் சேக்க மாட்டாங்க தலைவரே. ஏதாவது தப்பைக் கண்டுபிடிச்சுச் சொல்லணும்.”

“இம்புட்டுத்தானா? சங்கத்துல நான் வேற என்ன செய்யுதேன்?” என்ற தலைவர், மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டார்.