இனிப்புப் பாத்தி

அந்தச் சாயங்காலம் தையல்காரியின் முன்னறையில் இருந்தவர்கள்: மெஷினுக்குப் பின்னால், பழைய ஜாக்கெட் ஒன்றின் தையலைப் பிரித்தபடி தையல்காரி. ஜன்னலோரம், வேலைச் சட்டையைக்கூடக் கழற்றாமல், பஸ் ஓட்டும் அவள் புருஷன். துணி வெட்டும் மேசைக்கு அடியில், நூல்கண்டுகளை அடுக்கி விளையாடிக்கொண்டு, அவர்களுடைய ஒரே மகள் சுண்டு. கதவோரம் முக்காலியில், உட்கார்ந்தும் உட்காராமலும், தையல்காரியின் தங்கை. மூலையில் பாதி தைத்த கவுனை மாட்டிக்கொண்டு தலையில்லாத பொம்மை ஒன்று நின்றது. அந்த அறையில் நிம்மதியாக நின்றது அது ஒன்றுதான்.

தங்கை வெறுங்கையோடு வந்திருந்தாள். அது அந்த வீட்டுக்குப் புதுசு. அவள் வந்தால் கூடவே ஒரு பை வரும். கீரை, முள்ளங்கி, வளைந்து நெளிந்த கேரட், வேரோடு ஒட்டிய மண். இந்தக் கீரையை ஆய்ந்தே என் ஆயுசு முடியப்போகிறது என்று அக்கா அலுத்துக்கொள்வாள். இவள் செருப்பைக் கழற்றிய இடத்தில் நாளைக்குச் செடி முளைக்கும், மிதிக்காதே என்று மாமா கிண்டல் செய்வார். அப்படியெல்லாம் சிரித்த வீடுதான்.

தங்கை பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். பிள்ளைகள் வைத்த பெயர் மண்புழு டீச்சர். அந்தப் பெயரில் அவளுக்கு வருத்தமில்லை, கொஞ்சம் கர்வம்கூட. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், சுற்றுச்சுவருக்குள் புதர் மண்டிக் கிடந்த இடத்தை நடையாய் நடந்து தலைமை ஆசிரியையிடம் கேட்டு வாங்கினாள். மரத்தைப் படம் போட்டுக் காட்டினால் பிள்ளைக்குப் படம்தான் தெரியும், மரம் தெரியாது என்பது அவள் கட்சி. பிள்ளைகளே கொத்தினார்கள், விதைத்தார்கள், குப்பையை மக்கவைத்தார்கள். அங்கே ஒரே ஒரு சட்டம்தான்: எதையும் வீசக்கூடாது. பழத்தோல் உரக்குழிக்கு, பாத்திரம் கழுவிய தண்ணீர் பாத்திக்கு.

முதல் முறை கொத்தியபோது மண்ணுக்குள்ளிருந்து கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டிகள் வந்தன. உள்ளே தடுப்பு வைத்து, அறை அறையாக. பிள்ளைகள் புதையல் கிடைத்ததுபோலக் குதித்தார்கள். நாற்றுவிட யாரோ நமக்கென்றே செய்து புதைத்து வைத்திருக்கிறார்கள் என்று அவளும் சிரித்தாள். கழுவி, அடியில் ஓட்டை போட்டு, தக்காளி நாற்று விட்டார்கள். கூடவே கையை இழுக்கும் கனத்தில் சாம்பல்நிறக் கட்டிகளும் கிடைத்தன. சுவரோரப் பாத்திக்கு அவற்றைக் கரையாக அடுக்கினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அந்த இடத்தில் ஒரு காலத்தில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயத்தை உருக்கி எடுக்கும் பட்டறை இருந்தது. ரகசியமே இல்லை. கேட்டிருந்தால் தெருமுனை டீக்கடைக்காரரே சொல்லியிருப்பார். அவள் கேட்கவில்லை. மண் என்றால் நல்லது என்ற முடிவோடு வந்தவள் யாரிடம் போய் என்ன கேட்பாள்?

மண்ணிடம் மட்டும் கேட்டாள். ஏதோ பயிற்சி முகாமில் கற்றுக்கொண்ட வித்தை. ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்புவது. புளித்தால் மண் கெட்டிருக்கிறது, சாம்பல் போட வேண்டும். இனித்தால் நல்ல மண். பிள்ளைகள் முதலில் மூஞ்சியைச் சுளித்தார்கள், பிறகு போட்டி போட்டார்கள். அதில் கெட்டிக்காரி சுண்டு. பள்ளிக்கூடத்தில் சித்தியை டீச்சர் என்று கூப்பிட வேண்டும் என்பதை ஒருநாளும் மறக்காத பிள்ளை.

ஒருநாள் சுவரோரப் பாத்தியில் குந்தியிருந்த சுண்டு தலையைத் தூக்கினாள். "டீச்சர், இந்த மண்ணு நெசமாவே இனிக்குது."

அவளும் எடுத்து நாக்கில் வைத்தாள். இனித்தது. லேசாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை நாள் பட்ட பாட்டுக்கு மண் வாய் திறந்து பதில் சொன்னதாக நினைத்தாள். அன்றே அதற்கு இனிப்புப் பாத்தி என்று பெயர் வைத்தாள். நன்றாக வேலை செய்கிற பிள்ளைக்குத்தான் அதில் கைவைக்க அனுமதி. சுண்டுதான் அதற்குக் காவல். கேரட்டைப் பிடுங்கிப் பாவாடையில் துடைத்து அங்கேயே கடிப்பாள். மண்ணுக்குப் பயப்படக் கூடாது என்று சொல்லி வளர்த்த பிள்ளை.

சுண்டுவுக்கு வயிற்றுவலி வர ஆரம்பித்தது. முகம் வெளுத்தது. மனப்பாடமாகத் தெரிந்த வாய்ப்பாடு பாதியில் நின்றது. சொன்னதைத் திரும்பச் சொன்னால் அப்போதுதான் கேட்பதுபோல முழித்தாள். அக்கா கவலைப்பட்டபோது, வகுப்புக்குள் அடைத்து வைத்தால் எந்தப் பிள்ளையும் வாடத்தான் செய்யும், பள்ளி விட்டபிறகும் கொஞ்ச நேரம் என்னிடம் விடு, தோட்டத்தில் இருந்தால் தேறிவிடுவாள் என்றாள் தங்கை. அக்கா விட்டாள். படித்தவள், டீச்சர், அதற்கு மேல் கூடப்பிறந்தவள். விடாமல் என்ன செய்வாள்?

மருந்து கேட்கப்போன இடத்தில் டாக்டர் இரத்தம் எடுக்கச் சொன்னார். பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. ஆட்கள் வந்து மண்ணைத் தோண்டி எடுத்துப்போனார்கள். ஈயம் ஊறிய மண் இனிக்கும் என்று அவர்களில் ஒருவர் தங்கையிடம் சொன்னார். தோட்டத்துக்கு முத்திரை வைத்தார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் இரத்தம் பார்த்தார்கள். எல்லோரிடமும் கொஞ்சம் கொஞ்சம் ஈயம் இருந்தது. சுண்டுவிடம்தான் மிக அதிகம். டாக்டர் பூசி மெழுகவில்லை. இரத்தத்தில் இருப்பதை மருந்து கொடுத்துக் குறைக்கலாம், மூளைக்குச் செய்ததைத் திருப்பி வாங்க முடியாது, எவ்வளவு போனது என்பது வளர வளரத்தான் தெரியும் என்றார்.

தங்கையின் வேலை போய்விட்டது. அது அவளுக்குப் பெரிதாக உறைக்கவில்லை. அவளுக்குக் கல்யாணம் இல்லை, வேறு பிள்ளை குட்டி இல்லை. தெருவில் நடக்கும்போது அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு வர இந்த உலகத்தில் இருந்தது இந்த ஒரு பிள்ளைதான். வாராவாரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும், அக்காவுக்கும் மாமாவுக்கும் வேலை, நான் கூட்டிப் போகிறேனே என்று கேட்கத்தான் வந்திருந்தாள். கேட்டும் விட்டாள்.

மாமாதான் பேசினார். பட்டறைக்காரனைத் திட்டினார், இடத்தை விற்றவனைத் திட்டினார், தோட்டம் போட அனுமதி கொடுத்துவிட்டு இப்போது போனையே எடுக்காத தலைமை ஆசிரியையைத் திட்டினார்.

"எவனோ புதைச்சுட்டுப் போனதுக்கு இவ என்ன பண்ணுவா பாவம்" என்றார் கடைசியில். "நம்ம புள்ளைக்கு நல்லது பண்ணணும்னுதான பண்ணா. கூட்டிட்டுப் போகட்டும் விடு."

அந்தப் 'பாவம்' குளிருக்குக் கிடைத்த போர்வைபோல இருந்தது தங்கைக்கு. அதை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

அக்கா ஒரு நூலைப் பிடித்து மெதுவாக இழுத்தாள். தையல் விட்டுக்கொண்டே வந்தது.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல" என்றாள். "எல்லாப் புள்ளைங்களும்தான் கேரட்டு தின்னுச்சு. இவளுக்கு மட்டும் எப்படி இவ்வளவு ஏறுச்சு?"

"தெரியலக்கா" என்றாள் தங்கை.

ஒரே வார்த்தை. அதோடு முடிந்துகூடப் போயிருக்கும். ஆனால் மேசைக்கு அடியிலிருந்த பிள்ளைக்கு, சித்தியை எல்லோரும் சேர்ந்து எதற்கோ மிரட்டுவதாகத் தோன்றிவிட்டது.

"சித்தியத் திட்டாதீங்க" என்றாள் சுண்டு, தலையை நீட்டி. "சித்திதான் கெட்ட மண்ணு எதுன்னு கண்டுபுடிக்கச் சொல்லிக்குடுத்தாங்க. புளிச்சா கெட்டது, இனிச்சா நல்லது. நான் கெட்டத ஒருநாளும் தின்னதில்ல. நல்லதத்தான் தின்னேன்."

"தின்னியா?" என்றார் மாமா. "துப்பச் சொல்லலையா?"

"கெட்டதத் துப்புவேன். நல்லத எதுக்குப்பா துப்பணும்?"

அக்கா பிரிப்பதை நிறுத்திவிட்டாள். தங்கையை ஏறிட்டுப் பார்த்தாள். சின்ன வயதில் உடைந்த தட்டை ஒளித்து வைத்துவிட்டு நிற்பவளைப் பார்க்கும் அதே பார்வை. ஆனால் அப்போது அந்தப் பார்வைக்குப் பின்னால் ஒரு சிரிப்பு இருக்கும்.

"இனிக்குதுன்னு இவ சொன்னப்ப நீ என்ன சொன்ன?"

தங்கை மூலையிலிருந்த பொம்மையைப் பார்த்தாள். சித்திக்கு மறந்துபோய்விட்டது என்று நினைத்துச் சுண்டு எடுத்துக் கொடுத்தாள்.

"எல்லாரையும் எனக்குக் கை தட்டச் சொன்னாங்கம்மா."

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அக்கா ஜாக்கெட்டை மடித்து மெஷின்மேல் வைத்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். குரலை உயர்த்தவில்லை. "நீ கெளம்பு" என்றாள்.

"அக்கா, ஆஸ்பத்திரிக்கு மட்டும்..."

"மெஷின மூடி வச்சுட்டு நான் கூட்டிட்டுப் போறேன். எத்தன துணி திரும்பிப் போனாலும் போகட்டும். நீ கெளம்பு."

தங்கை எழுந்தாள். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. நானும்தான் அந்த மண்ணை ருசி பார்த்தேன், என் இரத்தத்திலும் இருக்கிறது என்று சொல்லலாம். சொன்னால் அது கணக்குத் தீர்ப்பதுபோல இருக்கும். வாசலில் செருப்பைத் தேடினாள். அதன் ஓரத்தில் இன்னும் காய்ந்த மண் அப்பியிருந்தது. அக்கா அதையும் பார்த்தாள்.

சித்தி போகும்போது வாசல்வரை போய் வழியனுப்புவது சுண்டுவின் வழக்கம். மேசைக்கு அடியிலிருந்து ஊர்ந்து வந்து சித்தியின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள்.

"சித்தி, நம்ம பாத்திக்கு இன்னிக்கு யாரு தண்ணி ஊத்துனா?"

தோட்டத்தைப் பூட்டியதையும், இனி அது இல்லை என்பதையும் காலையில்தான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முந்தின நாளும் சொல்லியிருந்தார்கள். தங்கை அக்காவைப் பார்த்தாள். அக்கா பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி? யாரு ஊத்துனா?"

அக்கா குனிந்து, தையல் பிரிக்கிற அதே பொறுமையோடு, பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். கழுவ வேண்டிய கையைப் பிடிப்பதுபோல மணிக்கட்டில் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். தங்கை படியில் இறங்கினாள்.

பின்னால் கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. உள்ளே, வா கை கழுவலாம் என்று அக்கா சொல்வது கேட்டது. வாடிக்கையாளர்கள் வந்துபோவதற்காகப் பகலெல்லாம் ஒருக்களித்தே கிடக்கும் அந்தக் கதவில், துருப்பிடித்த பூட்டுக்குள் சாவி நுழைந்து, மக்கர் செய்து, பிறகு திரும்பியது.