பூவுக்கு மருந்து

1

தேவதானத்துக்குத் தேன் வாங்கப் போனபோது காதில் விழுந்த ஒரு சொல்தான் இந்தக் கதை. முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘தேனீ பூவில் உறிஞ்சிய மதுவை வயிற்றுக்குள் ஒரு பையில் சுமந்து வருகிறது. கூட்டில் அது வாய்க்கு வாய் மாறுகிறது. சிறகால் விசிறி நீரை வற்றவைத்து, மெழுகால் மூடி...’

நிறுத்திவிட்டேன். பாடப்புத்தகத்தில் யாரும் சாவதில்லை.

2

மாரிக்கனியின் தேன்பெட்டிகள் அக்கா புருஷன் வல்லரசுவின் மாந்தோப்பில் இருந்தன. தை மாதம், மரம் முழுக்கப் பூ. வல்லரசு வண்டியை உதைத்தபடி கேட்டான்.

“மருந்து வாங்க ராஜபாளையம் போறேன். ஏட்டி, ஏதும் வேணுமா?”

“அக்காவுக்கு இன்னும் காய்ச்சல் விடலையா மச்சான்?”

“அவளுக்கென்ன, கட்டில்ல கெடந்துக்கிட்டே அம்புட்டு அதிகாரம் பண்ணுதா.”

மாரிக்கனி சிரித்துவிட்டாள்.

(பூச்சியைக் கொல்வதற்கும் இங்கே மருந்து என்றுதான் பெயர். பூவின் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சி விழுந்திருந்ததை அவள் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் பெட்டி வாசல்களை அடைத்திருப்பாள். எனக்கும் வேலை இருந்திருக்காது.)

3

மறுநாள் காலை, தேனீக்கள் பூவில் இருக்கும்போதே ஸ்பிரேயர் ஓடியது. அவள் வந்தபோது பெட்டிகளின் முன்னால் அவை மல்லாந்து கிடந்தன. சிலவற்றின் காலில் மகரந்த உருண்டை உதிராமல் ஒட்டியிருந்தது.

“ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா மச்சான்?”

“மருந்து வாங்கப் போறேன்னு சொன்னேன்லா?”

“நான் அக்காவுக்குன்னுல்லா...”

“நீ எதை நெனச்சன்னு எனக்கு எப்படித் தெரியும்? உன் ஈக்குக் காவல் இருக்கவா நான் மரம் வச்சேன்?”

‘அவன் வேண்டுமென்றேதான்...’ என்று ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். அவன் பொய் சொல்லவில்லை. கசப்பது அதுதான்.

4

கடைசிப் பெட்டியில் மட்டும் உயிர் இருந்தது. மூடியைத் தூக்கினாள். அடையின்மேல் ஒரு தேனீ உடலை ஆட்டி ஆட்டி நடந்தது. பூ எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்று மற்றவற்றுக்குச் சொல்லும் முறை அது. சுற்றியிருந்தவை அதைத் தொட்டுத் தொட்டு வழி கேட்டன. மாம்பூவைத் தவிர அந்தப் பக்கம் வேறு பூவில்லை.

வாசலை அடைத்தால் மருந்துப் பூவுக்குப் போகாமல், மருந்தும் உள்ளே வராமல் உள்ளிருப்பவை பிழைக்கும். வெளியே போனவை வந்து முட்டிச் சாகும். மருந்து படாதவையும் அவற்றில் இருக்கும்.

முதல் முடிவு: அடைத்தாள். (அப்படியென்றால் முட்டும் சத்தத்தையும் எழுத வேண்டும்.)

இரண்டாவது முடிவு: அடைக்காமல்...

இல்லை. களிமண் உருண்டையோடு அவள் குனிந்து நிற்கிறாள். பெட்டியின் முன்பலகையில் இரண்டு தேனீக்கள் வந்து இறங்குகின்றன. எதன் மேல் மருந்து பட்டிருக்கிறதென்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அவை வாசலை நோக்கி நடக்கின்றன.

நீங்கள் சொல்லுங்கள்.